வெயில் படாத இடத்துக் கறுப்பு

இதயக் கிளினிக்குக்குப் புதிதாக வந்திருக்கும் தாதிப் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். ஓய்வு பெற்ற தாதியிடம் இப்படிக் கேட்பது கொஞ்சம் ஆபத்தான வேலை. வாயைத் திறந்தால் மூடமாட்டோம். ஈ.சி.ஜி. மெசினைப் பொருத்துவது, பிரஷர் அளப்பது எல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். அதனால் அவற்றை விட்டுவிட்டு ஒரேயொரு மனிதரைப் பற்றி எழுதுகிறேன். மனித உடம்பைப் பார்த்து நான் வாயடைத்து நின்றதெல்லாம் அநேகமாக இந்த ஆளிடம்தான்.

யோகன் வல்வெட்டித்துறைக்காரர். ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தார். சொந்த வள்ளம், கூடத் தொழிலுக்குப் போக மனைவியின் தம்பிமார். அகன்ற நெஞ்சு, அதற்குப் போட்டியாக வயிறு. அவருக்கு இருந்த வருத்தத்தை நீங்கள் ஏட்ரியல் பிப்ரிலேஷன் என்று படித்திருப்பீர்கள். இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்கி விரிவதை விட்டுவிட்டுச் சும்மா நடுங்கிக்கொண்டிருக்கும். கீழறைகள் என்ன செய்வதென்று தெரியாமல் கண்டபடி அடிக்கும். ஒருநாள் வலை இழுக்கும்போது கண் இருண்டு கடலுக்குள் சரிந்துவிட்டார். மூத்த மச்சான் பெனியனில் எட்டிப் பிடித்திருக்காவிட்டால் கதை அங்கேயே முடிந்திருக்கும். அதற்குப் பிறகு மச்சான்மார் அவரை வள்ளத்தில் ஏற்ற மறுத்துவிட்டார்கள். தன்னுடைய வள்ளம் தான் இல்லாமல் போவதைக் கரையில் நின்று பார்ப்பதுதான் அவருக்கு மிஞ்சியது.

கொழும்பில் அவருக்குச் சிகிச்சை செய்தார்கள். தொடையிலுள்ள இரத்தக் குழாய் வழியாக ஒரு மெல்லிய கம்பியை இதயத்துக்குள் ஏற்றி, நுரையீரலிலிருந்து வரும் குழாய்கள் வந்து சேரும் இடத்தைச் சுற்றிச் சுட்டுவிடுவது. சுட்ட தழும்பைத் தாண்டி அந்தக் குழப்பமான மின்சாரம் வராது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் யாராவது இதைச் சொல்லியிருந்தால் கதை விடாதே என்றிருப்பேன். அடித்துக்கொண்டிருக்கும் இதயத்துக்குள்ளே போய், அதை நிறுத்தாமலே சுட்டுவிட்டு வருகிறார்கள். யோகன் திரும்பி வந்து காட்டிய அடையாளத்தை நான் கண்ணாடி போட்டுக்கொண்டு தேடிப் பார்த்தேன். நுளம்பு கடித்த அளவுகூட இல்லை.

சில மாதங்கள் தொழிலுக்குப் போனார். பிறகு தடுமாற்றம் திரும்பி வந்தது. மச்சான்மாரும் மறுபடி அவரைக் கரையில் இறக்கிவிட்டார்கள்.

இனி அந்தக் கிளினிக் நாளுக்கு வருகிறேன். சனம் குறைந்து நாங்கள் மூச்சு விடத் தொடங்கிய நேரம், அவருடைய மனைவி சாந்தி ஓட்டோவில் அவரைக் கொண்டுவந்து இறக்கினார். வியர்த்துக் கொட்டியது. நாடியைப் பிடித்தால் எண்ண முடியவில்லை. பிரஷர் இறங்கியிருந்தது, ஆனால் தாக்குப்பிடித்தது. கேட்டதற்குப் பதில் சொன்னார். அன்றைய டொக்டர் இளம் ஆள். அவசரப்படாதவர், அதனால்தான் எனக்கு அவரைப் பிடிக்கும். மின்னதிர்ச்சி கொடுத்துத் துடிப்பை நேராக்கலாம் என்று அவர் யோசித்தார்.

அதற்கு ஒரு நிபந்தனை இருப்பது உங்களுக்குத் தெரியும். நடுங்கும் மேலறையில் இரத்தம் தேங்கும், தேங்கினால் உறையும். திடீரென்று அறை ஒழுங்காகச் சுருங்கத் தொடங்கினால் அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போய்விடும். ஆகவே இரத்தம் உறையாமல் இருக்கும் குளிசையை ஆள் விடாமல் போட்டிருக்க வேண்டும். டொக்டர் கேட்டார். ஒருநாளும் விட்டதில்லை, தானே எடுத்துக் கையில் கொடுப்பதாகச் சாந்தி சொன்னார். யோகனும் தலையாட்டினார். இரண்டு பேர் சொன்ன பிறகு வேறென்ன வேண்டும்? மெசினைத் தயார் செய்தோம்.

ஒட்டும் தகடு ஒன்று நெஞ்சில், மற்றது முதுகில். முதுகுத் தகட்டை ஒட்டுவதற்காக அவரைப் பக்கவாட்டில் புரட்டிச் சட்டையை உயர்த்தினேன். தோளிலிருந்து இடுப்பு நாரிவரை சின்னச் சின்னக் காயங்கள் வரிசையாக இருந்தன. காய்ந்தும் காயாமலும், திருநீறு அப்பியபடி. எங்கள் ஊரில் பிறந்தவர்களுக்கு அது என்னவென்று சொல்லத் தேவையில்லை. முதுகுத் தோலில் கொக்கிகளைக் குத்தி, அவற்றில் கட்டிய கயிற்றை ஒருவர் பின்னால் பிடித்திழுக்கக் காவடி ஆடுவோமே, அந்தச் செடில் குத்திய அடையாளம்.

சவரம் செய்யும்போது கீறினாலே இரத்தம் நிற்காமல் ஓடுகிறது என்று முந்திய கிளினிக்கில் முறையிட்டவர் இதே யோகன்தான். அப்படிப்பட்டவர் எப்படிச் செடில் குத்தினார்? தகட்டைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டேன்.

"தம்பி, செடில் எப்ப குத்தினனீங்கள்?"

"அம்மன் கோயில் தேருக்குச் சிஸ்டர்."

"குளிசையை நிப்பாட்டிப்போட்டோ குத்தினனீங்கள்?"

அவர் என்னைப் பார்க்கவில்லை, சாந்தியைப் பார்த்தார். "அம்மாளுக்கு முன்னாலை இரத்தம் சிந்தப்படாது. சிந்தினால் நேர்த்தி பிழைச்சுப் போச்சு எண்டு அர்த்தம். விரதம் துடங்கேக்கையே நிப்பாட்டிப்போட்டன். புண் காயட்டும் எண்டு பிறகும் போடேல்லை."

சாந்தி கையில் கொடுத்த குளிசையை யோகன் நாக்குக்குக் கீழே ஒதுக்கி வைத்து, முகம் கழுவப் போகிற சாட்டில் கிணற்றடியில் துப்பியிருக்கிறார். அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதை இப்போதும் நினைக்கிறேன்.

டொக்டர் மெசினிலிருந்து கையை எடுத்தார். அந்த இடத்தில் அவர் செய்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஆளைத் திட்டவில்லை, எங்களையும் விரட்டவில்லை. பிரஷரைத் திரும்ப அளக்கச் சொன்னார். தாங்குகிறது என்று கண்டதும் அதிர்ச்சி வேண்டாம் என்று முடிவெடுத்து, துடிப்பின் வேகத்தைக் குறைக்க ஊசி போட்டு, உறையாமல் தடுக்கும் மருந்தையும் தொடங்கி, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். பிரஷர் இன்னும் விழுந்திருந்தால் செடில் அடையாளத்தைப் பார்த்த பிறகும் அதிர்ச்சி கொடுத்தே இருக்க வேண்டும். ஆள் கையைவிட்டுப் போய்க்கொண்டிருந்தால் வேறு வழியில்லை. சட்டத்தைப் பாடமாக்குவது சுலபம், எந்தப் பக்கம் சாய்வது என்பதை அந்த நிமிடத்தில் எடை போடுவதுதான் கஷ்டம்.

பெரிய ஆஸ்பத்திரியில் தொண்டை வழியாகக் குழாய் விட்டு ஸ்கேன் செய்தார்கள். டொக்டர் அந்தப் படத்தைப் பிறகு தன் போனில் எனக்குக் காட்டினார். இடப்பக்க மேலறையின் ஓரத்தில் காது மடல்போல ஒரு பை. அதற்குள் முருங்கை விதையளவு கட்டி ஒன்று மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. பொத்தானை அழுத்தியிருந்தால் அது எங்கே போயிருக்கும் என்று உங்களுக்கு எழுதத் தேவையில்லை. படத்தை இன்னொரு முறை போடச் சொல்லிப் பார்த்தேன்.

யோகன் ஓரளவு தேறியதும் ஆஸ்பத்திரி வாட்டுக்குப் போய் நன்றாக ஏசினேன். எனக்கு நாக்கு கொஞ்சம் நீளம் என்று இந்தக் கிளினிக்கில் எல்லோருக்கும் தெரியும். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்.

"கொழும்பிலை சுட்டும் சரிவரேல்லைச் சிஸ்டர். பிறகு நான் ஆரிட்டைப் போறது?"

அவர் நேர்த்தி வைத்ததே இந்த இதயத்துக்காகத்தான். கிளினிக்கில் குளிசை போடுகிறீர்களா, உப்பைக் குறைத்தீர்களா என்று கேட்போம். நேர்த்தி ஏதும் வைத்திருக்கிறீர்களா என்று கேட்பதில்லை. எங்கள் குடாநாட்டில் இதய வருத்தம் வந்தவர் ஒரு கோயில் வாசலிலாவது நேர்ந்துகொள்ளாமல் இருப்பாரா? அன்றிலிருந்து திருவிழாக் காலம் வந்தால் அதைக் கேட்காமல் நான் ஒருவரையும் அனுப்பியதில்லை. நீங்களும் கேளுங்கள். சிரித்துக்கொண்டு கேட்டால் சொல்லுவார்கள்.

கட்டி கரைந்தது. பிறகு முறைப்படி மின்னதிர்ச்சி கொடுத்துத் துடிப்பை நேராக்கினார்கள். கொஞ்சக் காலம் நின்றது, பிறகு பழையபடி தடுமாறத் தொடங்கியது. கொழும்பு நிபுணர் இன்னொரு முறை சுடலாம் என்றார், ஆனால் தயங்கினார். மேலறை வீங்கிக்கொண்டு போகிறது, காரணம் தெரியாமல் இரண்டாம் முறை சுட்டாலும் நிற்காது, அதுவும் தோற்றால் யோகன் கடலை மறந்துவிட வேண்டியதுதான் என்று எழுதி அனுப்பினார்.

காரணத்தை நாங்கள் தேடாமல் இல்லை. பிரஷர் கட்டுப்பாட்டில் இருந்தது. தைரொயிட் சரி. குடியை விட்டுப் பல காலம். வெறுவயிற்றில் எடுத்த இரத்தச் சீனி எப்போதும் நோர்மல். சாந்தி அதைப் பெருமையாகவே சொல்லுவார், தங்கள் வீட்டில் சீனிப் போத்தலே இல்லையென்று.

அப்படி ஒரு நாள் அவருக்கு ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டிருந்தேன். கடைசித் தகடு இடக் கமக்கட்டுக்குக் கீழே, அக்குளோரம் வரும். அவர் கூச்சப்பட்டுக் கையை உடம்போடு ஒட்டி வைத்திருந்தார். கையைத் தூக்குங்கோ என்று சொல்லி நானே தூக்கிவிட்டேன். கமக்கட்டு கன்னங்கரேலென்று, தடித்து, வெல்வெட்டுத் துணிபோல இருந்தது. பஞ்சை நனைத்துத் தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை.

"ஊத்தை இல்லைச் சிஸ்டர். தேய்ச்சுத்தான் குளிக்கிறனான்" என்றார் பாவம்.

அவருடைய கழுத்தும் அப்படித்தான் கறுத்திருந்தது. அதை வருடக்கணக்காக எல்லோருமே பார்த்திருக்கிறோம். வெயிலிலும் உப்புக் காற்றிலும் கிடக்கும் கடற்காரனுக்கும் வெங்காயத் தோட்டத்தில் குனிந்து நிற்கும் கமக்காரனுக்கும் கழுத்துக் கறுக்காமல் வேறு யாருக்குக் கறுக்கும்? எங்கள் கிளினிக் வாங்குப் பலகையில் இருக்கும் ஆண்களில் கழுத்துக் கறுக்காதவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதனால் ஒருவரும் அதை ஒரு அடையாளமாக நினைக்கவில்லை. ஆனால் சூரியன் கமக்கட்டுக்குள் எப்படிப் போகும்? மற்றக் கையையும் தூக்கச் சொன்னேன். அங்கும் அதே கறுப்பு.

டொக்டரைக் கூப்பிட்டேன். அவர் வந்து இரண்டு பக்கமும் பார்த்தார், கழுத்து மடிப்பை விரித்துப் பார்த்தார், இடுப்பை அளந்தார். இவ்வளவு நாளும் தானும் வெயிலென்றே நினைத்துவிட்டதாகச் சொல்லித் தலையில் தட்டிக்கொண்டார். பிறகு வேறு இரத்தப் பரிசோதனைகளுக்கு எழுதினார். குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்து எடுத்த சீனி எல்லையில் ஏறி உட்கார்ந்திருந்தது. கெட்ட கொழுப்பு அதிகம், நல்ல கொழுப்புக் குறைவு. இன்சுலின் மட்டும் மிக அதிகமாக இருந்தது.

டொக்டர் எனக்கு அதை விளக்கிய விதம் இன்றைக்கும் நினைவிருக்கிறது. யோகனின் உடம்பு இன்சுலினுக்குக் காது கொடுப்பதை விட்டுவிட்டது. சொல்வழி கேளாத பிள்ளையைத் தாய் கூடக் கூடக் கூப்பிடுவதுபோல, வயிற்றுக்குப் பின்னாலுள்ள கணையம் என்ற சின்ன உறுப்பு மேலும் மேலும் இன்சுலினைச் சுரந்துகொண்டிருக்கிறது. அப்படிச் சுரந்தே இரத்தச் சீனியை நோர்மலில் பிடித்து வைத்திருக்கிறது. அளவுக்கு மிஞ்சிய அந்த இன்சுலின்தான் மடிப்புகளில் தோலைக் கறுக்கச் செய்கிறது. அதோடு வரும் கொழுப்பு இதயத்தைச் சுற்றியும் படியும். மேலறையின் தசை வீங்கி, இடையிடையே தழும்பு கட்டும். கொழும்பில் எவ்வளவு நேர்த்தியாகச் சுட்டாலும் புதுத் தழும்புகளுக்குள்ளால் மின்சாரம் மறுபடி வழி தவறும். எல்லோருக்கும் இப்படித்தான் என்றில்லை, ஆனால் இப்படியானவர்களுக்குத் திரும்ப வருவது அதிகம் என்றார்.

நாங்கள் கை தட்டாத குறையாக நோர்மல், நோர்மல் என்று சொல்லிக்கொண்டிருந்த அந்த இலக்கத்தைப் பிடித்து வைக்க, உள்ளே ஓர் உறுப்பு வருடக்கணக்காக ஒருவருக்கும் தெரியாமல் மாடாய் உழைத்திருக்கிறது. அன்று வீட்டுக்குப் போகும்போது மானிப்பாய் பஸ்ஸில் என் வயிற்றில் கை வைத்துக்கொண்டு இருந்தேன். எத்தனை பேருடைய உடம்பு இப்படி முறையிடாமல் பாடுபடுகிறதோ என்று நினைத்தேன். கும்பிட வேண்டும்போல இருந்தது.

ஆனால் ஒரு கேள்வி மிச்சம் இருந்தது. சீனிப் போத்தலே இல்லாத வீட்டில் இது எங்கிருந்து வந்தது? சாந்தியை வாங்கில் இருத்தி, யோகன் காலையிலிருந்து என்னென்ன சாப்பிடுகிறார் என்று விசாரித்தேன். விடிய எழும்பினால் சீனி போடாத தேத்தண்ணி. கடலில் போத்தல் நிறையத் தேத்தண்ணி. கரையில் இருக்கத் தொடங்கிய பிறகு போகிறவன் வருகிறவனோடெல்லாம் தேத்தண்ணி.

"வெறும் தேத்தண்ணியோ குடிக்கிறவர்?"

"ஓம். பனங்கட்டியைக் கடிச்சுக்கொண்டுதான்."

"எவ்வளவு?"

சாந்தி இரண்டு கையையும் குவித்துக் காட்டினார். சீனி என்றால்தானே கூடாது, பனங்கட்டி குளிர்ச்சியாச்சே என்றார். நான் சிரித்தேன், ஏனென்றால் என் வீட்டு அலுமாரியிலும் பனையோலைக் குட்டானில் பனங்கட்டி இருந்தது. அரைவாசிக் குடாநாடு அப்படித்தான் நம்புகிறது. சீனி பாவிக்கிறீர்களா என்று நாங்கள் கேட்டோம், அவர்கள் இல்லையென்று உண்மையையே சொன்னார்கள். எதைக் கடித்துக்கொண்டு குடிக்கிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். அதோடு மலைபோல் புட்டு, வேலையில்லாத உடம்பு. பனங்கட்டி மட்டும் குற்றவாளியில்லை, ஆனால் அது எங்கள் கண்ணுக்கு முன்னாலேயே ஒளித்திருந்தது.

சீனி வருத்தம் இல்லாத ஒருவரிடம் சீனி வருத்தக்காரர்போல வாயைக் கட்டு என்று சொல்லிப் பாருங்கள். யோகன் முதலில் கேட்கவில்லை. தன் இதயத்தைச் சுட்டவர்களே சரியாகச் சுடவில்லை, அதற்கு ஏன் தன் வயிற்றைக் காய விடுகிறீர்கள் என்றார். டொக்டர் கதிரையை அவருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்.

"அண்ணை, கொழும்பிலை அவை நெருப்பை வடிவாத்தான் அணைச்சவை. விறகு உங்கடை வீட்டிலை கிடக்கு. அதை அப்புறப்படுத்தாமல் திரும்ப அணைக்கப் போனால், வள்ளத்தை நீங்கள் மறந்திடோணும்."

வள்ளம் என்ற சொல்லுக்கு அவர் நிமிர்ந்தார். அதற்குப் பிறகு அவரை ஒருவரும் கெஞ்ச வேண்டி இருக்கவில்லை. விடியக் கடற்கரை றோட்டில் தொண்டைமானாறுப் பக்கம் நடக்கத் தொடங்கினார். ஊரார் ஆளைக் கண்டு, என்ன மீனைக் கரையால் துரத்துகிறாயோ என்று பகிடி பண்ணினார்களாம். சாந்தி புட்டைக் குறைத்து மீனையும் இலைக்கறியையும் கூட்டினார். பனங்கட்டி இல்லாமல் முதல் தேத்தண்ணி குடித்த அன்று ஆள் மரண வீட்டுக்குப் போனவர்போல இருந்ததாகச் சொன்னார். எழுதிக் கொடுத்த குளிசைகளை விழுங்கிவிட்டாரா என்று சாந்தி வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்த பிறகுதான் விட்டார். வயிறு மெல்ல மெல்ல இறங்கியது. ஸ்கேனில் மேலறையின் வீக்கமும் கொஞ்சம் குறைந்திருந்தது. அதைக் கண்ட பிறகே கொழும்பில் இரண்டாம் முறை சுட்டார்கள்.

திரும்பி வந்து எடுத்த ஈ.சி.ஜி.யில், ஒவ்வொரு உயர்ந்த கோட்டுக்கும் முன்னால் ஒரு சின்ன மேடு இருந்தது. மேலறை ஒழுங்காகச் சுருங்குகிறது என்பதற்கு அதுதான் சாட்சி. வாழ்நாள் முழுக்க அந்த மேட்டைப் பார்த்தவள் நான். அன்று அதைப் பார்க்கக் கண் கலங்கிவிட்டது. மெசினுக்குப் பின்னால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

ஆனாலும் மச்சான்மார் நம்பவில்லை. முதல் முறையும் இப்படித்தானே நல்லாயிருந்து பிறகு வந்தது என்றார்கள். கடலில் ஒருவனைத் தூக்கி எடுத்தவர்கள் அவர்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. அடுத்த திருவிழா முடியட்டும் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தத் திருவிழா வருவதற்குள் நான் ஓய்வு பெற்றுவிட்டேன். யோகன் இந்த முறை கிளினிக்கில் முதலே கேட்டிருக்கிறார், செடில் குத்தலாமா என்று. டொக்டர் கூடாது என்றார், குளிசையை ஒரு நாளும் நிற்பாட்டக் கூடாது என்றும் சொன்னார். கொக்கியில்லாமல் தோளில் காவடி எடுத்தால் அம்மாள் கோபிக்கமாட்டாள் என்று யோகனே ஒரு முடிவுக்கு வந்திருக்கிறார். என்னையும் வரச் சொல்லிச் சாந்தி போன் பண்ணினார். பஸ் ஏறிப் போனேன்.

வீதியில் சனம் நெருக்கியடித்தது. தவிலும் பறையும் காதைப் பிளந்தன. யோகன் வெறும் மேலோடு, மயிலிறகுக் காவடியைத் தோளில் வைத்து இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தபடி ஆடிக்கொண்டு வந்தார். எல்லோரும் காவடியைப் பார்த்தார்கள். நான் பார்த்தது அவருடைய கமக்கட்டை. அம்மாள் என்னை மன்னிக்க வேண்டும், தொழில் புத்தி அப்படி. அந்தக் கறுப்பு முழுதாகப் போகவில்லை, ஆனால் வெளிறி, மெலிந்து, அநேகமாக உடம்பின் நிறத்துக்கே வந்திருந்தது. முதுகில் ஒரு காயமும் இல்லை.

என்னைக் கண்டதும் யோகன் ஆட்டத்தை நிறுத்திக் காவடியை இளைய மச்சானிடம் கொடுத்துவிட்டு வந்து கையை நீட்டினார். நான் ஓய்வு பெற்றவள், கையில் மணிக்கூடும் இல்லை. ஆனாலும் பிடித்தேன். சுற்றிவரப் பறை கடுகி அடித்தது, சனம் அரோகரா என்றது. என் விரலுக்குக் கீழே அந்த நாடி, அவர் ஆடியதால், வேகமாகத்தான் ஓடியது. ஆனால் ஒன்றுகூடத் தவறவில்லை, ஒன்றுகூட முந்தவில்லை. பார்த்துக்கொண்டிருக்கவே வேகம் தணிந்து, தன் பாட்டில் நிதானத்துக்கு வந்தது. விட மனமில்லாமல் பிடித்துக்கொண்டே நின்றேன்.

மூத்த மச்சான், அன்று கடலில் பெனியனைப் பிடித்தவர், பக்கத்தில் நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் சொன்னார்.

"காணும் சிஸ்டர், கையை விடுங்கோ. ஆள் நேரத்தோடை படுக்கோணும். விடிய வள்ளத்திலை ஏத்தப் போறம்."

நான் கையை விட்டேன்.